பரிசோதனை அறைக்குள் யார் துணைக்கு நிற்பது?

மார்பையோ கர்ப்பப்பை வாயையோ மலவாசலையோ ஆணுறுப்பையோ டொக்டர் தொட்டுப் பார்க்கவேண்டி வரும்போது, திரைக்கு உள்ளே மூன்றாவது ஆளாக யார் நிற்பது? கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்துப் பெண்களோடு வைத்தியசாலைக்குத் துணைபோகிற எனக்கு இந்தக் கேள்வி ஓயாமல் வருகிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் நம்பர் கூப்பிடுகிற நேரத்தில், வாசலில் நின்றுதான் கேட்கிறார்கள். அந்த இடத்தில் யோசிக்க நேரமில்லை. வீட்டிலிருந்து வெளிக்கிடும்போதே முடிவோடு போகவேண்டும்.

எங்கள் பக்கம் கைக்கெட்டுகிற வழிகள் நான்கு. ஒருவரும் இல்லாமல் தனியே உள்ளே போவது, தாய் அல்லது சகோதரி அல்லது கணவனைக் கூட்டிப் போவது, வைத்தியசாலையின் நேர்ஸ் ஒருவரையோ குடும்பநல உத்தியோகத்தரையோ நிற்கச் சொல்வது, பெண் டொக்டர் கிடைக்கும்வரை காத்திருப்பது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்றாவது வழிதான் அடிப்படையாக இருக்கவேண்டும். உறவுக்காரர் ஆறுதலுக்கு, அதற்கு மேலதிகமாக. பெண் டொக்டர் உடனே கிடைத்தால் நல்லது, கிடைக்கவில்லை என்பதற்காகப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குச் சட்டத்திலிருந்து தொடங்கவேண்டும்.

சட்டம் எவ்வளவு தூரம் கூட வரும்

மறைவான இடங்களைப் பரிசோதிக்கும்போது மூன்றாம் ஆள் நிற்கத்தான் வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிற தனிச் சட்டம் இலங்கையில் கிடையாது. இதைக் கேட்டுப் பலர் திகைக்கிறார்கள். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, ஒரு பெண்ணின் உடலைச் சோதனையிடுவதென்றால் அதை இன்னொரு பெண்தான், மானம் காத்துச் செய்யவேண்டும் என்கிறது. பொலிசாருக்கு எழுதிவைத்த அந்த வரி கிளினிக் அறைக்கு எழுதப்படவில்லை. சோதனைச் சாவடிகளில் வரிசையில் நின்று வளர்ந்த வன்னிப் பெண்களுக்கு இது சின்ன இடைவெளி இல்லை.

ஆனால் தவறு நடந்தால் தண்டிக்கச் சட்டம் இருக்கிறது. தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு 1995இல் திருத்தப்பட்டபோது, அதிகாரத்தில் உள்ள ஒருவர் வேலைத்தலத்திலோ வேறெந்த இடத்திலோ சொல்லாலோ செயலாலோ விரும்பத்தகாத பாலியல் நடத்தையில் ஈடுபடுவதும் பாலியல் தொந்தரவு என்று ஆனது. ஐந்து வருடம்வரை சிறை, அல்லது தண்டப்பணம், அல்லது இரண்டும். நீதிமன்றம் நட்டஈடும் கட்டளையிடலாம். 364ஆம் பிரிவு இன்னும் கடுமையானது. வைத்தியசாலையைச் சேர்ந்த ஒருவர் தன் பதவியைப் பயன்படுத்தி அங்குள்ள பெண்ணை வல்லுறவுக்கு உட்படுத்தினால் பத்து வருடத்துக்குக் குறையாத, இருபது வருடம்வரையான சிறை. இதற்கெல்லாம் அப்பால், 1927ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இயங்கும் இலங்கை மருத்துவ சபை, தொழிலுக்கு இழுக்கான நடத்தை நிரூபிக்கப்பட்டால் ஒரு டொக்டரின் பெயரைப் பதிவேட்டிலிருந்தே நீக்கலாம்.

இன்னொன்றையும் பெண்கள் அறிந்திருக்கவேண்டும். 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டம், 134ஆம் பிரிவில், எந்த விடயத்தையும் நிரூபிக்க இத்தனை சாட்சிகள் வேண்டும் என்ற கணக்கு இல்லை என்கிறது. உள்ளே ஒருவரும் இருக்கவில்லை, ஆகவே முறைப்பாடு எடுபடாது என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். உங்கள் வாய்மொழியும் சாட்சியம்தான். துணையாள் வேண்டும் என்று நான் வாதாடுவது, பிறகு வழக்கில் வெல்வதற்காக மட்டும் அல்ல. வழக்கே வராமல் தடுப்பதற்காக.

பிற நாடுகளைப் பார்த்தால் இரண்டு விதமான ஒழுங்கு தெரிகிறது. இந்தியாவில், பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின் 27ஆம் பிரிவு நேரடியாகச் சட்டமாகவே சொல்கிறது: பாதிக்கப்பட்ட பிள்ளையைப் பெற்றோரோ பிள்ளை நம்புகிற இன்னொருவரோ அருகில் இருக்கத்தான் பரிசோதிக்கவேண்டும், அப்படி ஒருவர் இல்லையென்றால் வைத்திய நிறுவனத் தலைவர் நியமிக்கும் ஒரு பெண் இருக்கவேண்டும். பெண் பிள்ளை என்றால் பரிசோதிப்பதும் பெண் டொக்டர்தான். பிரித்தானியாவில் இது பாராளுமன்றச் சட்டமாக இல்லை, அங்குள்ள பொது மருத்துவ சபையின் வழிகாட்டலாக இருக்கிறது. 2013இல் வெளியிட்டு 2024இல் புதுப்பித்தார்கள். வழிகாட்டல்தானே என்று அங்கே ஒருவரும் அலட்சியமாக இருப்பதில்லை, மீறினால் பதிவுக்கே ஆபத்து. அமெரிக்காவில் மகப்பேற்று, பெண்ணோயியல் வைத்தியர்களின் கல்லூரி 2020இல், மார்பு, பிறப்புறுப்பு, மலவாசல் பரிசோதனைகள் எல்லாவற்றிலும் துணையாள் இருக்கவேண்டும், நோயாளி கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது என்று பரிந்துரைத்தது.

பிரித்தானிய வழிகாட்டல்தான் எங்கள் நிலைமைக்கு மிகவும் உதவும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அது யார் நிற்கலாம் என்பதை விரித்துச் சொல்கிறது. துணையாள் பொதுவாகச் சுகாதாரத் தொழிலைச் சேர்ந்தவராக இருக்கவேண்டும். அந்தப் பரிசோதனை எப்படி நடக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். தொடக்கம் முதல் முடிவுவரை நிற்கவேண்டும், டொக்டரின் கை என்ன செய்கிறது என்று தெரிகிற இடத்தில். தப்பாக ஏதும் பட்டால் வாய் திறக்க ஆயத்தமாக இருக்கவேண்டும். டொக்டர் ஆணா பெண்ணா, நோயாளி ஆணா பெண்ணா என்ற பேதம் இல்லை. நோயாளி வேண்டாம் என்றால் வற்புறுத்தக் கூடாது. ஆனால் கேட்டதும் மறுத்ததும் எழுதப்படவேண்டும். நின்றவரின் பெயரும் அப்படியே.

தனியே போவது

கிளினிக் நாளில் நூறு பேர் காத்திருக்கும்போது தனியே உள்ளே போய் வருவதுதான் வேகமானது. சில பெண்கள் இதைத் தெரிந்தே விரும்புகிறார்கள், தங்கள் நோய் இன்னொருவருக்கும் தெரியக்கூடாது என்பதால். அது அவர்களுடைய உரிமை. ஆனால் துணை கேட்கலாம் என்று தெரியாமல் தனியே போவதும், தெரிந்து வேண்டாம் என்று போவதும் ஒன்றல்ல. இரத்தப்போக்கோடு வருகிற அவசரத்தில் ஆளைத் தேடிக்கொண்டு நிற்கமுடியாது. மற்றப்படி, முதன்முதலில் பார்க்கிற டொக்டரிடம், கதவு மூடிய அறையில், ஒருவரும் இல்லாமல் ஆடை களைந்து படுக்குமாறு நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

உறவுகளைக் கூட்டிப் போவது

எங்கள் ஊரில் முதலில் மனதில் வருவது இதுதான். "அம்மா நிக்கிறா, பிறகென்ன பயம்?" ஆறுதலுக்கு அம்மாவை விஞ்ச யாரும் இல்லை. கையைப் பிடித்துக்கொள்ள, மூச்சை விடு பிள்ளை என்று சொல்ல, முடிந்ததும் உடுப்பை எடுத்துத் தர. இந்த ஆறுதலை யாரும் குறைத்து மதிப்பிட வேண்டாம். இறுதி யுத்தத்தில் உடம்பில் ஷெல் துண்டுகளோடு வெளியே வந்த பெண்கள், தடுப்புக் காவலில் இருந்து வந்த பெண்கள், எச்சரிக்கை இல்லாமல் ஒரு கை பட்டாலே உறைந்துபோகிறவர்கள் எங்கள் நடுவில் இருக்கிறார்கள். அவர்களில் சிலரால் தெரிந்த முகம் ஒன்று இல்லாமல் அந்தக் கட்டிலில் ஏறவே முடியாது.

ஆனால் காவலுக்கு உறவு போதாது. அமெரிக்க ஜிம்னாஸ்டிக் அணியின் டொக்டராக இருந்த லாரி நாசர் 2018இல் மிச்சிகனில் தண்டிக்கப்பட்டபோது 150இற்கும் மேற்பட்ட பெண்கள் நீதிமன்றத்தில் பேசினார்கள். சிலரின் தாய்மார் அதே அறைக்குள் இருக்கும்போதே அவன் பிள்ளைகளைப் பாலியல் துஷ்பிரயோகம் செய்திருந்தான். தாயின் பார்வைக்கு மறையும்படி தன் உடம்பைக் குறுக்கே வைத்து, பிள்ளையைத் துணியால் மூடி, சிகிச்சை என்று சொல்லிச் செய்தான். அந்தத் தாய்மாரிடம் அன்பு குறைவாக இருக்கவில்லை. சரியான பரிசோதனை எப்படி நடக்கும் என்பது அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். பிரித்தானியாவில் கிளிஃபர்ட் எய்லிங் என்ற டொக்டர் பெண் நோயாளிகளுக்குச் செய்த பாலியல் குற்றங்களை ஆராய்ந்த விசாரணைக் குழுவும் 2004இல் இதே முடிவுக்குத்தான் வந்தது. குடும்பத்தவரையும் நண்பரையும் துணையாள் என்று கணக்கில் எடுக்கக் கூடாது, பயிற்சி இல்லாத ஊழியரை நிறுத்துவதும் சரியல்ல என்றது.

வன்னியில் உறவைக் கூட்டிப் போவதால் வருகிற இன்னொரு சிக்கலை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அறைக்குள் கணவன் நிற்கும்போது, இந்தக் காயம் எப்படி வந்தது என்று டொக்டர் கேட்டால் மனைவி என்ன சொல்வாள்? மாமியார் நிற்கும்போது, முன்பு கரு கலைந்ததா, கர்ப்பத்தடை ஊசி போடுகிறாயா என்று கேட்டால்? பதில் பொய்யாக வரும், பொய்யான பதிலுக்குச் சரியான மருந்து இல்லை. யுத்தத்துக்குப் பிறகு பெண்ணே குடும்பத்தைச் சுமக்கிற வீடுகள் இங்கே ஏராளம். அந்தப் பெண்களுக்கு வேறு விதமான பயம், தங்களைப்பற்றி ஊர் என்ன கதைக்கும் என்று. அவர்களோடு போகும்போது நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். டொக்டர் கேள்வி கேட்கும் நேரத்தில் நான் வெளியே நிற்பேன். பரிசோதனைக்குக் கட்டிலில் ஏறும்போது, அவர் விரும்பினால், தலைமாட்டில் போய் நிற்பேன். உறவுக்காரரும் இப்படி இரண்டு நேரத்தையும் பிரித்துக்கொள்ளலாம்.

பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளை என்றால் என் கணக்கு மாறும். தாயும் வேண்டும், நேர்ஸும் வேண்டும். இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்கக் கூடாது.

நேர்ஸ், குடும்பநல உத்தியோகத்தர், அற்றென்டன்

வைத்தியசாலை ஊழியர் என்று பொதுவாகச் சொன்னாலும் இந்த மூவரும் ஒன்றல்ல. நேர்ஸுக்கும் குடும்பநல உத்தியோகத்தருக்கும் பரிசோதனை எப்படி நடக்கும் என்று தெரியும். டொக்டர் எங்கே கையுறை போடவேண்டும், எவ்வளவு நேரம் எடுக்கும், எந்த இடத்தைத் தொட வேண்டிய அவசியமே இல்லை என்பதெல்லாம் அவர்களுக்குப் பாடம். சுகவனிதையர் கிளினிக்கில் 35 வயதிலும் 45 வயதிலும் கர்ப்பப்பைக் கழுத்துப் பரிசோதனைக்கு அழைக்கிறார்களே, அங்கே குடும்பநல உத்தியோகத்தர் பக்கத்தில் இருப்பது வழமை. வீடு வீடாக வந்து கர்ப்பிணிகளைப் பார்க்கிற அதே ஆள் என்பதால் பெண்களுக்கு அவரிடம் கூச்சமும் குறைவு. நான் அறிய, எங்கள் பக்கத்தில் துணையாள் ஒழுங்கு சட்டம் இல்லாமலே நன்றாக நடக்கிற இடம் இதுதான். இங்கே நடப்பதை வெளிநோயாளர் பிரிவிலும் அவசர சிகிச்சைப் பிரிவிலும் செய்ய முடியாததற்குக் காரணம் ஆட்பற்றாக்குறை மட்டும்தானா என்று வைத்தியசாலைகளை நடத்துகிறவர்கள் யோசிக்கவேண்டும்.

அற்றென்டன் விடயம் வேறு. "தங்கச்சி, ஒருக்கா உள்ளுக்கு வந்து நில்லும்" என்று துடைத்துக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டு நிறுத்துகிறார்கள். அவர் திரைக்கு வெளியே, சுவரைப் பார்த்தபடி நிற்பார். பார்த்தால் நோயாளிக்கு வெட்கம் என்று நினைக்கிறார், நல்ல மனதோடுதான். டொக்டர் ஒன்றைத் தப்பாகச் செய்தாலும் அவரால் கேட்க முடியுமா? அவருடைய வேலையே அந்த டொக்டரின் ஒரு சொல்லில் தொங்குகிறது. ஒருவரும் இல்லாததைவிட இது மேல், ஆனால் துணையாள் நின்றார் என்று எழுதிக்கொள்ளும் அளவுக்கு இல்லை. இரவில் வேறு ஆள் கிடையாது என்றால், குறைந்தது அவரைத் திரைக்கு உள்ளே, உங்கள் தோள்பக்கமாக நிற்கச் சொல்லுங்கள்.

வன்னிக்கே உரிய ஒரு சிக்கல் மொழி. தெற்கிலிருந்து நியமனம் பெற்று வரும் டொக்டர்மார் பலருக்குத் தமிழ் சரளமாக வராது. அவர்கள் இல்லையென்றால் எங்கள் வார்டுகள் பல நடக்காது, நன்றியோடுதான் சொல்கிறேன். ஆனால் அப்போது துணைக்கு வந்த நேர்ஸே மொழிபெயர்ப்பாளரும் ஆகிவிடுகிறார். டொக்டரின் முகத்தைப் பார்த்துச் சிங்களத்தில் கேட்டு, நோயாளியின் முகத்தைப் பார்த்துத் தமிழில் சொல்லி, இரண்டு பக்கமும் திரும்பிக்கொண்டிருப்பவரால் டொக்டரின் கையைக் கவனிக்க முடியாது. இதற்கு ஆள் கூட்டத் தேவையில்லை, ஒழுங்கை மாற்றினால் போதும். என்ன பரிசோதனை, ஏன், எங்கே தொடுவார், நோகுமா என்பதெல்லாம் நோயாளி உடுப்போடு கதிரையில் இருக்கும்போதே மொழிபெயர்த்து முடியவேண்டும். கட்டிலில் ஏறிய பிறகு நேர்ஸுக்கு ஒரே வேலை, பார்த்துக்கொண்டு நிற்பது. வடமாகாணத்தில் நிர்வாக மொழி தமிழ், அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் அதைச் சொல்கிறது. தமிழில் விளக்கம் கேட்பது சலுகை கேட்பதாகாது.

நேர்ஸ் பக்கத்து வீட்டுக்காரி, ஒன்றுவிட்ட தங்கச்சியின் சிநேகிதி, கதை ஊருக்கு வந்துவிடும் என்ற பயம் உண்மையான பயம். கிளிநொச்சியில் யாரைக் கேட்டாலும் யாரோ ஒருவருக்குச் சொந்தம். இந்தப் பயத்தால் துணையே வேண்டாம் என்று போகிறவர்களிடம் நான் சொல்வது, ஆளை மாற்றிக் கேளுங்கள் என்பதுதான். "இவ எனக்குத் தெரிஞ்சவ டொக்டர், வேற மிஸ்ஸி ஒராள் நிக்கட்டும்." காரணம் விளக்க வேண்டியதில்லை.

பெண் டொக்டருக்காகக் காத்திருப்பது

பெண்களில் பாதிப்பேர் மனதுக்குள் வைத்திருப்பது இந்த வழிதான். தவறில்லை. கிளிநொச்சி மாவட்ட பொது வைத்தியசாலையில் 2024இல் பெண்கள் நலத்துக்கென்றே சிறப்பு நிலையம் திறந்திருக்கிறார்கள், பெண் டொக்டர் எந்த நாளில் இருப்பார் என்று அங்கே முன்கூட்டிக் கேட்டு அறியலாம். மல்லாவியிலோ துணுக்காயிலோ இருக்கிற பெண்ணுக்கு அதுவே ஒரு நாள் கூலியை இழக்கிற பயணம். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை என்றால் விடிய வெளிக்கிட்டு இருட்டத்தான் வீடு.

எனக்கு இதில் உள்ள பயம் பிந்துவது. மார்பில் ஒரு கட்டி, அல்லது மாதவிடாய் நின்று வருடங்களுக்குப் பிறகு இரத்தம். இரண்டும் காத்திருக்கிற வருத்தங்கள் இல்லை. ஆண் டொக்டர் என்பதால் மூன்று மாதம் தள்ளிப்போட்டுவிட்டுக் கடைசியில் தெல்லிப்பழை புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போகிறபோது, அந்த மூன்று மாதத்தை யாரும் திருப்பித் தரமுடியாது. பிரித்தானிய வழிகாட்டலும் துணையாள் இல்லாதபோது பரிசோதனையைத் தள்ளிவைக்கலாம், ஆனால் அந்தத் தாமதம் நோயாளியின் உடல்நலத்தைக் கெடுக்காது என்றால் மட்டும் என்கிறது. அதே அளவுகோலை வைத்துக்கொள்ளுங்கள். வழமையான பரிசோதனை என்றால் காத்திருக்கலாம். அறிகுறி இருந்தால் இன்றைக்கு இருக்கிற டொக்டர், பக்கத்தில் ஒரு நேர்ஸ்.

பெண் டொக்டர் என்றாலும் துணையாள் கேட்கலாம் என்பதையும் மறக்கவேண்டாம்.

தனியார் டிஸ்பென்சரிகளில் இந்த நான்கு வழிகளில் பெரும்பாலும் ஒன்றுகூட முழுதாகக் கிடைக்காது. ஓரறை, ஒரு திரை, மருந்து கட்டிக் கொடுக்கிற பிள்ளை ஒன்று. காய்ச்சலுக்கும் தடிமனுக்கும் அது போதும். மறைவான இடத்தைப் பார்க்கவேண்டும் என்று அங்கே சொன்னால், கடிதம் ஒன்று வாங்கிக்கொண்டு அரச வைத்தியசாலைக்குப் போவதுதான் என் ஆலோசனை.

ஆண்களைப்பற்றி இதுவரை சொல்லவில்லை. முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டுப் படுக்கையில் இருக்கிற ஆண்களுக்குச் சிறுநீர்க் குழாய் மாற்றுவதும் படுக்கைப் புண் பார்ப்பதும் வாராவாரம் நடக்கிறது. அவர்களிடம் யார் நிற்கட்டும் என்று எவரும் கேட்பதில்லை. ஆண் தாதி வேண்டும் என்றோ, பார்வையாளர் எல்லாரும் வெளியே போகட்டும் என்றோ கேட்க அவர்களுக்கும் அதே உரிமை உண்டு.

எப்படிக் கேட்பது, எங்கே எழுதுவது

திரை இழுத்த பிறகு கேட்பது கஷ்டம். நம்பர் எடுக்கும்போதே கிளினிக் நேர்ஸிடம் சொல்லிவைக்கலாம். உள்ளே போனதும், "பரிசோதிக்கேக்க ஒரு மிஸ்ஸி பக்கத்தில நிக்கட்டும் டொக்டர்" என்று ஒருமுறை. இதில் மரியாதைக்குறைவு ஒன்றும் இல்லை. தனியே தூரத்து வைத்தியசாலையில் வேலை செய்கிற இளம் டொக்டர்மாருக்கு இது நிம்மதி, பொய்க் குற்றச்சாட்டிலிருந்து அவர்களையும் இதுதான் காக்கிறது. முகம் சுளிக்கிற டொக்டர் ஒருவர் இருந்தால், அந்தச் சுளிப்பே உங்களுக்கு ஒரு தகவல்.

எங்கள் நாட்டில் கிளினிக் கொப்பி நோயாளியின் கையில்தான் இருக்கிறது. இது பெரிய வசதி. நின்றவரின் பெயரை அன்றைய பக்கத்தில் எழுதித் தருமாறு கேளுங்கள். எழுதவில்லையென்றால் வெளியே வந்ததும் நீங்களே திகதியும் நேரமும் போட்டு எழுதிவையுங்கள். சட்ட வைத்திய அதிகாரியிடம் பொலிஸ் அனுப்புகிற பரிசோதனை என்றாலும் முதலில் உங்கள் சம்மதம் வேண்டும், நீங்கள் மறுத்தால் நீதவானின் கட்டளை வேண்டும்; அங்கேயும் துணை கேட்கலாம்.

தப்பாக ஏதாவது நடந்தால் வைத்தியசாலைப் பணிப்பாளரிடமோ பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரிடமோ எழுத்தில் முறையிடலாம், பொலிஸ் நிலையத்தின் பெண்கள் சிறுவர் பிரிவுக்குப் போகலாம், இலங்கை மருத்துவ சபைக்கு எழுதலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, பிள்ளைகளுக்கு 1929.

ஆனால் ஒவ்வொரு பெண்ணும் ஒவ்வொரு முறையும் வாய் திறந்து கேட்கவேண்டியிருக்கும்வரை, கேட்கத் தெரிந்தவளுக்கு மட்டும்தான் இந்தப் பாதுகாப்பு. அதனால் வைத்தியசாலைகளிடமே எழுத்தில் கேட்கவேண்டும் என்பது என் ஆசை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், "அந்தரங்கப் பரிசோதனைகளின்போது துணையாள் நிற்பது தொடர்பாக உங்கள் வைத்தியசாலையில் எழுத்திலான ஒழுங்கு உண்டா? இருந்தால் பிரதி தருக. இரவு நேரத்தில் அந்தக் கடமை யாருக்கு?" என்று கேட்கலாம். தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவு 14 வேலை நாட்களுக்குள் வரவேண்டும். தனி ஆளாகப் பெயர் கொடுக்கப் பயம் என்றால், உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினராவது இலங்கைப் பிரஜைகளாக உள்ள அமைப்பும் இந்தச் சட்டத்தில் விண்ணப்பிக்கலாம். கிராமத்து மாதர் சங்கம் ஒன்று தன் கடிதத்தலைப்பிலேயே அனுப்பலாம்.